ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் தடுப்பூசித் தகுதியும்

'தகுதி', 'ஆபத்து' என்ற இரு சொற்களைக் கட்டுரையில் கலந்து எழுதிவிடுகிறோம். கோவிட் காலத்தை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்போமா?

தகுதி: நம் நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கியது. முதல் கட்டம் முன்களப் பணியாளர்களுக்கு. ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டம் மூத்த குடிமக்கள், நாள்பட்ட நோயாளிகள், மாற்றுத்திறனாளிகளுக்கு. சமூகநல இலாகா தரும் ஓகேயூ அட்டையில் ஆட்டிசம் 'கற்றல் குறைபாடு' பிரிவில் வரும். அட்டை இருந்தால் தகுதியைக் காட்டுவது சுலபம்.

ஆபத்து: ஆட்டிசம் தொற்றுநோய் இல்லை. ஆனால் அதோடு வலிப்பு நோய் சேர்ந்திருப்பது மற்றவர்களைவிட அதிகம். சிலருக்கு "இங்கே வலிக்குது" என்று சொல்லவே தெரியாது. நோய் முற்றிய பிறகுதான் வீட்டுக்குத் தெரியவரும். கூட்டம், சத்தம், ஊசி ஆகியவற்றுக்குப் பயந்து கிளினிக் பக்கமே போகாதவர்களும் உண்டு.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2020 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வயதையும் பாலினத்தையும் கணக்கில் எடுத்த பிறகும், கற்றல் குறைபாடு உள்ளவர்களின் கோவிட் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட 4.1 மடங்கு. இந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்! அங்கே அந்தச் சொல் அறிவுத்திறன் குறைபாட்டைக் குறிக்கும். நம் அட்டையிலோ டிஸ்லெக்சியாவும் அதில் அடங்கும். ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் அறிவுத்திறன் குறைபாடு இருப்பதில்லை.

இப்போது நம் பேராக்குக்கு வருவோம். பழைய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, இன்று நாற்பது வயதைத் தாண்டியவரை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் "அவன் ஒரு மாதிரி, யாரோடும் பேசமாட்டான்" என்று விட்டுவிட்டார்கள். பரிசோதனை இல்லை, அதனால் அட்டையும் இல்லை. ஓகேயூ பதிவு கட்டாயமில்லை என்பதால் யாரும் தேடி வரவும் இல்லை. ஆபத்து இருந்தும் தகுதியைக் காட்ட வழியில்லாமல் போனவர் இவர்தான்.

அந்தத் தடுப்பூசி வரிசை முடிந்துவிட்டது. அட்டையின் தேவை முடியவில்லை. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், படிவம் 5 முடித்துப் போவதற்குள் பெற்றோரிடம் பேசுங்கள். அரசு மருத்துவரின் உறுதிப்பாட்டோடு சமூகநல இலாகாவில் விண்ணப்பிக்கலாம். பள்ளியை விட்டுப் போனபிறகு இதை எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

மாணவர்களே, கட்டுரையில் இப்படிப் பிரித்து எழுதுங்கள்: ஆபத்து என்பது ஒருவரின் உடல்நிலையும் வாழ்க்கைச் சூழலும் சார்ந்தது, தகுதி என்பது அரசு வகுக்கும் விதி.