ஓய்வு நாளின் இலக்கணம்

உயர்கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் நம் மாணவர், சென்ற நாட்டின் நூலகங்களைப் பற்றியும் ஆய்வுகூடங்களைப் பற்றியும் வீட்டுக்கு விரிவாக எழுதுவர். அந்நாட்டு மக்கள் தம் ஓய்வு நாளை எங்ஙனம் கழிக்கின்றனர் என்று எழுதுவோர் மிகச் சிலரே. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நான் பயின்ற இரண்டு ஆண்டுகளில் வகுப்பறையிற் பெற்றவை பல. எனினும், அம்மக்களின் மொழியை அதன் உயிரோடு எனக்குக் கற்பித்தவை அங்கு கழிந்த சனி, ஞாயிறுகளே.

லைப்சிக் பழம்பெரும் கல்வி நகர். அதன் பல்கலைக்கழகம் 1409ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கவிஞர் கதே 1765ஆம் ஆண்டில் அங்கு சட்டம் பயில வந்தார். அச்சகங்களாலும் பதிப்பகங்களாலும் புகழ்பெற்ற அந்நகரிற்றான், கார்ல் கிரவுல் என்னும் அறிஞர் ஜேர்மன் மொழியிற் பெயர்த்த திருக்குறள் 1856ஆம் ஆண்டில் வெளிவந்தது. இச்செய்தியை மனத்திற் கொண்டு சென்ற எனக்கு அந்நகர் முற்றிலும் அயலாகத் தோன்றவில்லை.

அங்கு சனிக்கிழமை பரபரப்பான நாள். மறுநாள் கடைகள் பூட்டிக் கிடக்குமாதலின், பாணும் பாலும் காய்கறியும் வாங்குவோர் கூட்டம் காலைமுதலே தெருவை நிறைக்கும். பிற்பகல் மூன்று மணிக்குத் தோமையார் தேவாலயத்தில் இசை தொடங்கும். 1212ஆம் ஆண்டுவரை தன் வரலாற்றைக் கொண்டுசெல்லும் சிறுவர் பாடற்குழு ஒன்று அங்குண்டு. இசைமேதை பாஹ், 1723 முதல் 1750இல் மறையும்வரை அச்சிறுவரைப் பயிற்றுவித்தார். அவரது கல்லறையும் இன்று அவ்வாலயத்தினுள்ளேயே உள்ளது. அங்கு நான் கண்டு வியந்தது கேட்போரின் இயல்பையே. கடைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு வந்தமர்ந்த மூதாட்டியரும், சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வந்த மாணவருமாக அவர்கள் இருந்தனர். நம் கோயில் மண்டபத்தில், வீட்டுக்குப் போகும் வழியிற் சற்றே நின்று பண்ணிசை கேட்போரைப் போல, மேலான கலையை அவர்கள் அன்றாட வாழ்வின் ஒரு கூறாகவே கொண்டிருந்தனர்.

ஞாயிறோ அமைதியின் நாள். அந்நாளை உழைப்பினின்று ஓய்வதற்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாளாக 1919ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு காத்தது. 1949ஆம் ஆண்டின் யாப்பும் அதனை ஏற்றுக்கொண்டது. புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசைகூட அன்று ஆகாது. புதிதாக வந்த அயல்நாட்டு மாணவனுக்கு இவ்வமைதி முதலில் இன்பமாயிராது. அடைத்த கடைகளும் வெறிச்சோடிய தெருவும் தனிமையை இருமடங்காக்கும். அம்மக்களெல்லாம் எங்கே போயினர் என்ற கேள்விக்கு விடையை ஒரு முதியவர் எனக்குக் காட்டினார்.

நான் குடியிருந்த மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் வாழ்ந்த அவர், இளைப்பாறிய அச்சுக்கோப்பாளர். படிக்கட்டிற் காணுந்தோறும் முகமன் கூறுவார். ஓராண்டாக எங்கள் உறவு அவ்வளவே. புரட்டாதி மாதத்து ஞாயிறொன்றில், தம் தோட்டத்துக்கு வருமாறு அழைத்தார்.

அத்தோட்டங்களின் வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது. தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் நகரச் சிறுவருக்கு விளையாட இடமில்லாது போயிற்று. ஹவுஷில்ட் என்ற பாடசாலை அதிபர் 1864ஆம் ஆண்டில் லைப்சிக்கிற் பெற்றோரைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்து, காலஞ்சென்ற ஷ்ரேபர் என்னும் மருத்துவரின் பெயரை அதற்கு இட்டார். சங்கம் அமைத்த விளையாட்டுத் திடலின் ஓரத்தில் கெசல் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சிறு பாத்திகளை வகுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் விரைவிற் சலிப்புற்றனர். களை பிடுங்க வந்த பெற்றோரோ அங்கேயே தங்கிவிட்டனர்! இன்று நாடெங்கும் பரந்துள்ள சிறுதோட்டங்கள் பலவற்றுக்கு ஷ்ரேபரின் பெயரே வழங்குகின்றது. ஒரு தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படலாகாது என்பதும், அதிலுள்ள குடில் 24 சதுர மீற்றருக்குள் அடங்க வேண்டும் என்பதும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள்.

முதியவரின் தோட்டத்தில் அவரைக் கொடியும் உருளைக்கிழங்குப் பாத்தியும் ஓர் அப்பிள் மரமும் இருந்தன. தாழ்ந்த செடிவேலிக்கு அப்பால் நடந்து செல்வோர் நின்று காய்ப்பை விசாரித்தனர். மரநிழலில் அவர் மனைவியார் கோப்பியும் பிளம்பழக் கேக்கும் பரிமாறினார். என் தாய்மொழியைப் பற்றிக் கேட்டார் முதியவர். அதன் அறநூலொன்று அவருடைய நகரிலேயே 1856இல் அச்சேறிய கதையைச் சொன்னேன். எழுத்துக்கோத்த விரல்களால் மேசையை மெல்லத் தட்டியவாறு, "அதில் தோட்டத்தைப் பற்றி ஏதும் உண்டா?" என்றார்.

உழவு என்றோர் அதிகாரமே உண்டு என்றேன். உரியவன் நாடோறும் சென்று பாராவிடின், நிலம் அவனோடு மனைவியைப் போல ஊடிக்கொள்ளும் என்ற வள்ளுவர் கருத்தை, எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் தட்டுத்தடுமாறி விளக்கினேன். மூதாட்டியார் கலகலவென நகைத்தார். "இந்தத் தோட்டம் ஒருநாளும் ஊடியதில்லை. இவர் நாள்தோறும் இங்கே வந்துவிடுவதனால் ஊடியவள் நானே!" என்றார். ஈராயிரம் ஆண்டுகளும் இரு கண்டங்களும் அந்தச் சிரிப்பிற் கரைந்து போயின.

அப்போது முதியவர் தம் முதற்பெயரைச் சொல்லிக் கை நீட்டினார். "இனி நமக்குள் 'டூ' என்றே பேசுவோம்" என்றார். ஜேர்மன் மொழியில் முன்னிலை இருவகைப்படும். மதிப்புக்கு 'ஸீ', நெருக்கத்துக்கு 'டூ'. மாணவர் தமக்குள் 'டூ' என்பது இயல்பு. முதியவரிடமாயின், மூத்தவரே அதனை வழங்க வேண்டும். இளையவன் தானாக எடுத்துக்கொள்ளலாகாது. இவ்விதியை இலக்கண நூலில் முதல் மாதமே படித்திருந்தேன். அதன் பொருளை அறிந்தது அந்த அப்பிள் மரத்தின் கீழேதான். நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளில் மதிப்பை அளந்து பேசும் யாழ்ப்பாணத்திற் பிறந்த என் நா, பாட்டன் வயதினரை அவ்வாறு அழைக்கத் தயங்கியது. வாய் 'டூ' என்றது. உள்ளம் 'நீங்கள்' என்றது.

வெளிநாடு செல்லும் மாணவர் ஓய்வு நாளில் நம்மவரோடு கூடிச் சோறு சமைத்துண்பதை நான் குறைகூறேன். அந்த ஆறுதல் வேண்டுவதே. எனினும், இரண்டு நாளில் ஒருநாளையேனும் அந்நாட்டு மக்களுக்கு அளித்தல் நன்று.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. நம் பல்கலைக்கழகங்களில் தமிழ் பயிலவும் ஆய்வு செய்யவும் வரும் அயல்நாட்டு இளைஞர், ஞாயிற்றுக்கிழமை விடுதி அறையில் என்ன செய்கின்றனர்? நம் வளவுகளிலும் மாமரங்கள் உண்டு; நிழலும் உண்டு. படலையைத் திறந்து அவர்களை உள்ளே அழைப்பதற்கு நம்மில் எத்தனை பேர் இருக்கின்றோம்?