செல்ப் எடுக்காத பழைய அம்பாசடர்: புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்க!

முகூர்த்த நாள். விடியற்காலையில் மண்டபத்தில் நிற்க வேண்டிய அம்பாசடர், ஷெட்டை விட்டு நகர மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. 'பேட்டரி போச்சு' என்று கடன் வாங்கி புதுசு மாட்டுகிறார் டிரைவர். ஒரே வாரத்தில் மறுபடியும் அதே 'டிக்'. வாடகையும் போச்சு, காசும் போச்சு!

அம்பாசடர் தயாரிப்பு 2014-ம் ஆண்டே நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். பாயிண்ட் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. வரிசையாகப் பார்த்தாலே கோளாறு சிக்கிவிடும்.

செல்ப் சுற்றவில்லையா?

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் சரியில்லை. லைட் மங்காமல் பளிச்சென்று எரிந்தால் செல்ப் சுவிட்ச், செல்ப் மோட்டார் பக்கம் பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கி மாட்டுங்கள். அந்தத் தூளில் ஆசிட் இருக்கும், வெறும் கையால் தொடாதீர்கள். பாடிக்குப் போகும் எர்த் ஒயரும் துருப்பிடிக்காமல் இருக்கணும்.

அடுத்து மீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி புல் சார்ஜ். ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு ஏறணும். ஏறாவிட்டால் பெல்ட், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் படுத்துவிடும்!

செல்ப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகலையா?

பெட்ரோல் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். அதை ஒயரில் மாட்டி, பிளக் துவாரத்துக்குத் தள்ளி என்ஜின் இரும்பில் படும்படி வையுங்கள். ரப்பர் பிடி போட்ட குறடால் பிடிக்கணும். கையால் தொட்டால் தூக்கி அடிக்கும். ஒருவர் செல்ப் அடிக்க, நீல நிறத்தில் பொறி வந்தால் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். மஞ்சளாக வந்தாலோ, வராவிட்டாலோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திறங்கள்.

பாயிண்ட் கருகியிருந்தால் சுத்தம் செய்து, 0.4 மி.மீ. இடைவெளி வையுங்கள். புது பாயிண்டும் சீக்கிரமே கருகினால் கன்டென்சரை மாற்றணும். சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் காயில் மீது சந்தேகப்படலாம். மழைக்காலத்தில் கேப்புக்குள் ஈரமா, விரிசலா என்று பாருங்கள். பிளக் ஒயர்களின் வரிசை 1-3-4-2. மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

உயிருக்கே உலை

பியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றி ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒயரில் ஷார்ட் இருந்தால் பியூஸ் உருகித்தான் வண்டியைக் காப்பாற்றும். ஜிகினாத் தாள் உருகாமல் நின்றால் ஒயர்தான் எரியும், பக்கத்திலேயே பெட்ரோல் பைப்! அதே ஆம்பியர் பியூஸ் இரண்டை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். அதுவும் உடனே போனால் வண்டியை ஓட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒருநாள் வாடகை போனால் போகட்டும், உயிர் முக்கியம்!