குணமாகாதவர் விசுவாசம் குறைந்தவரா?



அருங்கொடை இயக்கம் வெளியிலிருந்து வந்து நம்மோடு ஒட்டிக்கொண்ட ஒன்று என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் அதில் பாதி உண்மை உண்டு. 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசுசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய செபக் கூட்டங்களிலிருந்து பெந்தகோஸ்து எழுச்சி பல நாடுகளுக்கும் பரவியது. 1967 பிப்ரவரியில், பிட்ஸ்பர்க் நகரிலுள்ள டியூக்கேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சிலர் தியானத்துக்குக் கூடியபோது அந்த அனுபவம் நம் வீட்டுக்குள்ளும் வந்தது. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த இயக்கத்தினரை உரோமையில் அன்போடு வரவேற்றார். இதனால் நமக்குக் கிடைத்த நன்மைகள் பல. அலமாரியில் தூசி படிந்திருந்த விவிலியத்தைப் பலர் கையில் எடுத்தார்கள். புத்தகம் பார்த்து மட்டுமே செபித்தவர்கள் வாய்விட்டுச் செபிக்கக் கற்றார்கள். எனவே இன்று நாம் கேட்கப்போகும் கேள்வியை இயக்கத்தின் மீதுள்ள வெறுப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி இதுதான். நற்செய்திக் கூட்டங்களிலும், சில தியானங்களிலும், இப்போது கைப்பேசி வழியாகவும் ஒரு போதனை திரும்பத் திரும்ப வருகிறது: “விசுவாசித்தால் சுகம் நிச்சயம். சுகம் வரவில்லையென்றால் உன் விசுவாசத்தில்தான் குறை.” கேட்பதற்குச் சக்தியுள்ள வார்த்தை. ஆனால் புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் காதில் இது எப்படி விழும்? அவருக்கு இருக்கும் துயரம் போதாதென்று, “என் செபம் சரியில்லாததால்தான் பிள்ளை போய்விட்டது” என்ற பழியையும் சுமக்க வைக்கிறது. இது இறைவார்த்தைதானா?

திருத்தூதர் பவுலைப் பார்ப்போம். அவர் உடலில் பட்ட கைக்குட்டைகளைக் கொண்டுபோய் வைத்தபோதே நோயாளிகள் குணமடைந்தார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல் (19:12). அதே பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, உடல்நலமின்றி இருந்த துரோப்பிமை மிலேத்துவிலேயே விட்டு வந்ததாகக் குறிப்பிடுகிறார் (2 திமொ 4:20). துரோப்பிமைக் குறைசொல்லி ஒரு சொல்கூட அங்கே இல்லை. அடிக்கடி வயிற்றுக்கோளாறால் சிரமப்பட்ட திமொத்தேயுவுக்கு அவர் சொன்னது என்ன? கொஞ்சம் திராட்சை மது அருந்தும்படி கைவைத்தியம் சொன்னார் (1 திமொ 5:23). தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மும்முறை வேண்டினார், அது நீங்கவில்லை. தம் அருளே போதும் என்பது ஆண்டவரிடமிருந்து அவருக்கு வந்த பதில் (2 கொரி 12:8-9). பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லும் துணிவு எந்தப் போதகருக்கு உண்டு?

நாசரேத்தில் மக்களின் நம்பிக்கையின்மையால் இயேசு வல்ல செயல்களைச் செய்ய முடியவில்லையே என்று சிலர் மாற்கு 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே நடந்தது ஊரே அவரைப் புறக்கணித்தது. அப்போதும் உடல்நலமற்றோர் சிலர்மேல் அவர் கைகளை வைத்துக் குணமாக்கினார். தம்மைத் தேடி வந்த நோயாளி ஒருவரை, “உனக்கு விசுவாசம் போதாது, போய் வா” என்று அவர் திருப்பி அனுப்பிய நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளிலும் இல்லை. பெத்சதா குளத்தருகே குணமானவருக்குத் தம்மைக் குணமாக்கியவர் யார் என்றே தெரியாது (யோவா 5:13). முடக்குவாதமுற்றவருடைய நிகழ்ச்சியில் இயேசு கண்டது, அவரைக் கூரை வழியாக இறக்கியவர்களின் நம்பிக்கையையும் சேர்த்துத்தான்.

இன்னொரு நிகழ்ச்சியைப் பலர் கவனிப்பதில்லை. வலிப்பு நோயால் வருந்திய ஒரு சிறுவனைச் சீடர்களால் குணமாக்க முடியவில்லை. காரணம் கேட்டபோது, நம்பிக்கை குறைவு என்றார் இயேசு (மத் 17:20). யாருடைய நம்பிக்கை? செபித்த சீடர்களுடையது! பையனைக் குறை சொல்லவில்லை. தன் நம்பிக்கையின்மையைக் கண்ணீரோடு சொன்ன தகப்பனையும் தள்ளிவிடவில்லை. அப்படியானால், சுகம் கிடைக்காதபோது விரலை முதலில் யார் பக்கம் நீட்ட வேண்டும் என்பதை மேடையில் நிற்பவர்கள், குருக்களாகிய நாங்களும் சேர்த்துத்தான், யோசிக்க வேண்டும்.

பரவசப்பேச்சு பற்றியும் கேட்கிறீர்கள். அது தூய ஆவியாரின் கொடைதான். ஆனால் சபையில் இருவர் அல்லது மிஞ்சினால் மூவர், ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும், விளக்கம் சொல்ல ஆளில்லையெனில் அமைதியாயிருக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14 தெளிவாகச் சொல்கிறது. அந்த ஓர் அதிகாரத்தை உட்கார்ந்து வாசித்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில் உயிரே போகும். சாட்சி சொல்லும் வேகத்தில் சர்க்கரை மாத்திரையை, வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தொழுநோயாளரைக் குணமாக்கிய இயேசு, குருவிடம் போய்க் காட்டச் சொன்னார். நோய் நீங்கியதா என்று சோதித்துச் சொல்வது அக்காலத்தில் குருவின் பொறுப்பு. இன்று அது மருத்துவருடைய பொறுப்பு. சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம், ஆண்டவரிடம் மன்றாடச் சொல்லும் அதே மூச்சில் மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. லூர்து நகரில் 1883-லேயே மருத்துவர்கள் சோதிக்கும் அலுவலகம் தொடங்கப்பட்டது. அங்கே குணமானதாகச் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கானோர். புதுமை என்று திருச்சபை அறிவித்தவையோ எழுபதைச் சற்றே தாண்டும். சோதித்துப் பார்ப்பதால் அன்னைக்குக் குறைவு வந்துவிடவில்லை. எனவே சுகம் பெற்றதாக உணர்ந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள், மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடுங்கள், மருத்துவரிடம் போய்ப் பரிசோதியுங்கள். மருந்தைக் குறைக்க அவர் சொன்ன பிறகு குறையுங்கள். சாட்சியையும் அதற்குப் பிறகு சொல்லலாம்.

குணமளிக்கும் வழிபாடுகள் குறித்து 2000-ஆம் ஆண்டில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை, ஆயரின் அனுமதியை வலியுறுத்துகிறது. கூச்சல், நாடகத்தனம், பரபரப்பு கூடாது என்கிறது. காணிக்கைத் தொகைக்கேற்ப செபம் என்ற பேச்சு எழுந்தால், திருத்தூதர் பணிகள் 8-இல் பணத்தோடு வந்த சீமோனுக்குப் பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாக்கோபு 5:14 நோயாளிகளுக்குக் காட்டும் வழி நம் பங்கிலேயே இருக்கிறது: மூப்பர்களை அழைத்து, எண்ணெய் பூசி, செபிக்கக் கேட்பது. “அவஸ்தைப் பூசுதல்” என்று சொல்லிப் பழகியதால், சாமியார் எண்ணெயோடு வந்தாலே முடிவு நெருங்கிவிட்டது என்று வீட்டார் பயப்படுகிறார்கள், கடைசி மூச்சு வரை காத்திருக்கிறார்கள். நோயில் பூசுதல் கடும் நோயுற்றவர்களுக்கும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்களுக்கும், முதுமையால் தளர்ந்தவர்களுக்கும் உரியது. நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். நோயாளி சுயநினைவோடு இருந்து, தாமே பதில் சொல்லிச் செபிக்கும்போதே கூப்பிட்டு அனுப்புங்கள். இரவானாலும் வருவோம்.