ஆராய்வோர் கூடும் மேசை

இயற்கை நூல் கற்பார்க்குச் சோதனைச்சாலை உண்டு. ஒருவர் தாம் கண்டதாகக் கூறும் ஒன்றை, மற்றொருவர் அதே பொருள்களை அதே அளவிற் கொண்டு சோதித்து, மெய்யோ பொய்யோ என உரைத்துவிடலாம். சரித்திரம், இலக்கியம், மொழிநூல், தத்துவம் முதலிய கலைத் துறைகளில் ஆராய்ச்சி புரிவோர்க்கு அத்தகைய சாலை யாது? எம். ஏ. பட்டம் பெற்றபின் மூன்றாண்டு நான்காண்டு ஒரே பொருளைப்பற்றி உழைக்கும் மாணாக்கர், தாம் கண்டது சரியென்பதை எதனால் அறிவர்? நூல்நிலையத்தால் என்று சிலர் விடையிறுப்பர். அவ்விடை பாதி உண்மையே. நூல்நிலையம் பொருள்களைத் தரும்; சோதனையைத் தாராது. ஆராய்வோர் ஒருவரோடொருவர் தம் வேலையைக் குறித்துப் பேசும் இடமே கலைத்துறையின் சோதனைச்சாலை என்பது நமது கருத்து. அவ்விடம் எவ்வாறு தோன்றிற்று, அதில் நிகழ்வது யாது, அதன் கதவு யாருக்கு அடைபட்டிருந்தது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

தனித்திருந்து ஆராய்வதில் உள்ள இடர் இன்னதென முதலில் அறிதல் வேண்டும். நாம் நன்கறிந்த ஏட்டுச் சுவடியையே எடுத்துக்கொள்வோம். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கிடையே வெளி விடுவதும் இல்லை. ஆதலின் ஓரடியை இரண்டு மூன்று விதமாகப் பிரித்துப் படிக்க இடமுண்டு. அச்சுவடியை முன்வைத்துக்கொண்டு ஒருவர் ஆறு திங்கள் தனித்திருந்து பயில்வாராயின், முதன்முதல் அவர் மனத்திற் பட்ட பாடமே நாளடைவிற் கண்ணுக்குப் பழகிப்போகும். வேறு பாடம் இருத்தல் கூடும் என்னும் நினைவே எழாது. அவர் சோம்பர் அல்லர். கருத்தின்றிப் படிப்பவரும் அல்லர். உழைக்க உழைக்கப் பிழையும் உறுதிப்படுகின்றது என்பதே இதில் உள்ள விந்தை. அருகில் வந்தமர்ந்த புதியவர் ஒருவர் அவ்வரியை வேறாகப் படித்துக் காட்டுவாராயின், ஆறு திங்களில் தெளியாத மயக்கம் அந்நொடியிலே தெளியக் கூடும். இது சுவடி படிப்பார்க்கு மட்டும் உரியதன்று. ஒரு போருக்குக் காரணம் தேடுவோரும், ஒரு சொல்லின் வரலாற்றைத் துருவுவோரும் தத்தம் முதல் எண்ணத்திற்கு இவ்வாறே அடிமைப்படுகின்றனர்.

ஐரோப்பாவின் இடைக்காலச் சர்வகலாசாலைகளிற் பேச்சு இல்லாமலில்லை. ஒருவர் ஒரு கொள்கையை நிறுவ, மற்றவர் மறுக்க, ஆசிரியர் முடிவு கூற, வாதம் முறையாக நடந்தது. ஆனால் வாதிப்போர் நாடியது வெற்றி. முடிவுபெறாத வேலையைக் கொணர்ந்து பலர் முன் வைத்து, இதில் யாது குறை என்று கேட்பது வேறொரு செயல். ஜெர்மனியில் அதற்குச் செமினார் என்று பெயர் வழங்கிற்று. லத்தீன் மொழியிற் செமினாரியும் என்பது விதையை முளைக்கவைக்கும் பாத்தி. நம் உழவர் நாற்றங்கால் என்பர். ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் 1787-ம் ஆண்டு வோல்ப் என்னும் பேராசிரியர், பண்டைக் கிரேக்க லத்தீன் நூல்களை ஆராயும் பொருட்டு இத்தகைய செமினார் ஒன்றை அமைத்தார். நாற்று நெருங்கி நின்று வளர்ந்த பின்னரே பறித்துத் தனித்தனியே நடப்படும். பெயரிட்டவர் இதனை எண்ணினரோ இல்லையோ, பொருத்தம் நன்றாகவே இருக்கின்றது.

சரித்திரத் துறையில் இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தவர் லியோபோல்ட் ஃபான் ராங்கே (1795-1886). இவர் 1825-ம் ஆண்டு பெர்லின் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். மண்டபத்தில் இவர் நிகழ்த்திய விரிவுரைகளினும், தம் இல்லத்திற் சிலரைக் கூட்டி நடத்திய பயிற்சியே பெரும்பயன் விளைத்தது எனலாம். 1830-களில் அங்கே கூடிய இளைஞருட் கேயோர்க் வைட்ஸ், கெப்கே, ஹிர்ஷ், கீஸெப்ரெக்ட், வில்மன்ஸ் முதலியோர் இருந்தனர். அவர்கள் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. சாக்ஸனி மரபிற் பிறந்து 919 முதல் 1024 வரை ஜெர்மனியை ஆண்ட அரசர்களை அவர்கள் தமக்குட் பகிர்ந்துகொண்டனர். முதலாம் ஹென்றி வைட்ஸுக்கு. முதலாம் ஆட்டோவின் முற்பகுதி கெப்கேக்கு. இரண்டாம் ஆட்டோ கீஸெப்ரெக்டுக்கு. மூன்றாம் ஆட்டோ வில்மன்ஸுக்கு. ஆளுக்கோர் அரசன்! 1837-ம் ஆண்டு முதல் இவர்தம் நூல்கள் வரிசையாக வெளிவந்தன. வைட்ஸுக்கு அப்பொழுது வயது இருபத்துநான்கு.

இப்பகிர்வின் நன்மை யாதெனில், ஒருவர் வேலையை மற்றவர் மெய்யாகவே சோதிக்கக்கூடியதாயிற்று. கோர்வை என்னும் ஊரின் மடத்தில் வாழ்ந்த விடுகிண்ட் என்ற துறவி, முதலாம் ஹென்றியின் செய்திகளையும் முதலாம் ஆட்டோவின் செய்திகளையும் ஒரே நூலில் எழுதிவைத்தவர். ஆகவே வைட்ஸுக்கும் கெப்கேக்கும் சாட்சி ஒருவரே. ஒருவர் அச்சாட்சியை அளவுக்கு மிஞ்சி நம்பினால் மற்றவர் சும்மா இரார். இதனைக் கூறியவர் நேரிற் கண்டவரா, பிறர் சொல்லக் கேட்டவரா? முன்னிருந்த ஏட்டைப் பார்த்து எழுதினாரா? யாருக்கு உவப்பாக எழுதினார்? இவ்வினாக்களை இல்லத்தில் தனித்திருந்து தம்மைத்தாமே கேட்பவரும் உளர். ஆனால் தமக்கு வேண்டிய விடை வந்தவுடன் வினாவை நிறுத்திவிடுவது மனித இயல்பு. மேசையின் மறுபுறத்தில் இருப்பவர்க்கு அவ்வாறு நிறுத்தக் காரணம் இல்லை.

அதே கோர்வை மடத்தின் பெயரால் வழங்கிய மற்றொரு பழஞ்சரிதம் இருந்தது. அது அச்சேறியும் இருந்தது. கற்றோர் அதனை ஆதாரமாகவும் காட்டினர். ஹிர்ஷும் வைட்ஸும் சேர்ந்து அதனை வரிவரியாக ஆராய்ந்து, அது பழையதன்று, பிற்காலத்தார் ஒருவர் கட்டிய பொய் என்று 1839-ம் ஆண்டு வெளியிட்டனர். பல்லாண்டு அனுபவம் உடையோர் ஏற்ற நூலை, முப்பதாண்டு நிரம்பாத இளைஞர் இருவர் தள்ளினர். அவர்கள் பிறரினும் அறிவாளிகள் என்று நாம் கூற வரவில்லை. இருவராய் இருந்து ஒருவர் கண்டதை ஒருவர் ஐயுற்றனர், அவ்வளவே.

நம் நாட்டிலும் நூலை அவையின்முன் வைக்கும் வழக்கம் தொன்மையானது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்பத் தொல்காப்பியம் அரங்கேறியதாக அந்நூற் பாயிரம் கூறும். இறையனார் களவியலுக்கு எழுந்த உரைகளைப்பற்றிய கதையையும் தமிழ் கற்போர் யாவரும் அறிவர். புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். எது மெய்யுரை எனத் தெரியாது மயங்கினர். உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு மூங்கைப் பிள்ளையின் முன்னே படித்தனர். நக்கீரர் உரைக்கு அப்பிள்ளை சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தது. கதை மிக இனியது. ஆயினும் நடுவர் ஊமை. தம் உரை எவ்விடத்தில் ஏன் வழுவிற்று என்பதை ஏனைய நாற்பத்தெண்மர் அறிந்து திருத்திக்கொள்ள வழி பிறக்கவில்லை. அரங்கேற்றத்திற்கும் செமினாருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது முடிந்த நூலுக்குத் தீர்ப்பு. பின்னது முடியாத நூலுக்கு மருந்து.

மருந்து கசக்கும் என்பதை மறைப்பானேன்? அரைகுறையான அதிகாரத்தைப் பிறர்க்குக் காட்ட நாணம் தடுக்கின்றது. வேறொருவர் எடுத்துக்கொள்வரோ என்ற அச்சமும் உண்டு. இவ்வச்சம் வீணானதன்று. எனினும் அறைக்குள் மூடிவைத்த எண்ணத்திற்குச் சாட்சி இல்லை. பன்னிருவர் முன்னே கூறியதற்குப் பன்னிரண்டு சாட்சிகள் உண்டு. இவற்றினும் பெரிய கேடு ஒன்று உளது. மூத்தவர் ஒருவர் முதலிலேயே தம் முடிவைக் கூறிவிட, இளையோர் அனைவரும் தலையசைத்து எழுந்துபோதல். அங்கே மேசை இருக்கும், செமினார் இராது.

இக்காலத்தில் வேறொரு பழக்கமும் பரவியுள்ளது. ஆஸ்திரேலியாவிற் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலை 2008-ம் ஆண்டு தொடங்கிய போட்டியில், ஆராய்ச்சி மாணாக்கர் தம் ஆய்வு முழுவதையும் ஒரே படத்தைக் காட்டி மூன்று நிமிடத்தில் விளக்குதல் வேண்டும். அந்நாட்டில் மழை பொய்த்த காலத்தில், நீரை வீணாக்காது மூன்று நிமிடத்திற் குளித்து முடிக்கும்பொருட்டுக் குளிக்கும் அறைகளில் மாட்டிவைத்த காலக்கருவியைக் கண்டு இவ்வளவை வகுத்தனராம். துறை அறியாதவர்க்கும் விளங்கப் பேசுதல் நல்ல பயிற்சியே. ஆனால் ஐயங்களை எல்லாம் விலக்கினாலன்றி மூன்று நிமிடத்தில் அடங்காது. செமினாருக்குக் கொண்டுவர வேண்டியவையோ அவ்வையங்களே.

இனி அம்மேசையில் இடம் பெறாதவர் நிலை. அமெரிக்காவிற் பால்டிமோர் நகரத்தில் 1876-ம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை திறக்கப்பட்டது. ஜெர்மானிய முறையைப் பின்பற்றி, ஆராய்ச்சி மாணாக்கரின் செமினாரையே தன் உயிர்நாடியாகக் கொண்டது அது. பின்னாளில் நாட்டின் தலைவரான உட்ரோ வில்ஸன் அங்கே பயின்று 1886-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அதே நகரத்தில் 1857-ம் ஆண்டு பிறந்த கேரி தாமஸ் என்னும் பெண்மணி, கார்னெல் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, 1877-ம் ஆண்டு கிரேக்க மொழியை ஆராயும்பொருட்டு அங்கே விண்ணப்பம் செய்தார். அவர் தந்தையார் அச்சர்வகலாசாலையின் தர்மகர்த்தர்களுள் ஒருவர். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நூல்களைப் படிக்கலாம், பேராசிரியர் வழிகாட்டுவார், தேர்வும் எழுதலாம். வகுப்பில் மட்டும் அமரலாகாது, செமினாருக்குள் வரலாகாது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சிறிய தடையாகத் தோன்றும். வேண்டியன யாவும் கொடுத்து ஓர் அறையை மட்டுமே மறுத்தனர் அன்றோ? ஓராண்டு முயன்றபின், 1878-ம் ஆண்டு தாமஸ் அம்மையார் அங்கிருந்து விலகினார். கடல் கடந்து லைப்சிக் நகரம் சென்றார். அங்கே விரிவுரைகளைக் கேட்க விட்டனர், பெண்களுக்குப் பட்டம் இல்லை என்றனர். கெட்டிங்கனும் மறுத்தது. முடிவிற் சுவிட்சர்லாந்திலுள்ள ஸூரிக் சர்வகலாசாலை 1882-ம் ஆண்டு அவருக்கு மிக உயர்ந்த சிறப்புடன் டாக்டர் பட்டம் அளித்தது. 1885-ம் ஆண்டு பிரின் மார் என்னும் பெண்கள் கல்லூரி திறக்கப்பட்டபோது அவர் அதன் தலைமை ஆசிரியருள் ஒருவரானார். அங்கே தொடக்கத்திலிருந்தே பெண்கள் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்ய வழி வகுக்கப்பட்டது. தமக்கு மறுக்கப்பட்டது எதுவோ அதனையே அவர் பிறர்க்குக் கொடுத்தார் என்று எழுத நம் கை விரைகின்றது. முழுவதும் அவ்வாறு எழுதற்கில்லை. கறுப்பினத்துப் பெண்களைத் தம் கல்லூரியிற் சேர்க்க அவர் உடன்படவில்லை. கதவுக்கு வெளியே நின்ற துன்பத்தை அறிந்தவரும் கதவை அடைக்கக் கற்றுக்கொள்வர் போலும். ஜான்ஸ் ஹாப்கின்ஸோ 1907-ம் ஆண்டிலேதான் ஆராய்ச்சி வகுப்புகளைப் பெண்களுக்குப் பொதுவாகத் திறந்துவிட்டது.

இங்கிலாந்தில் இம்முறை காலந்தாழ்த்து வேரூன்றிற்று. லண்டனிற் பொல்லார்டு என்னும் பேராசிரியர் 1921-ம் ஆண்டு சரித்திர ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். நூல்நிலையம் ஒருபுறமும் செமினார் ஒருபுறமுமாக அங்கே பிரிக்கவில்லை. மூலநூல்கள் அடுக்கிய அறைகளிலேயே செமினார் கூடும். ஐயம் எழுந்தால், எழுந்து கைநீட்டி நூலை எடுத்துப் பார்க்கலாம். இவ்வொரு சிறு ஏற்பாட்டால் எத்தனை வீண்வாதம் ஒழிந்திருக்கும்!

அக்காலத்தில் லண்டனில் எய்லீன் பவர் (1889-1940) என்னும் பெண்மணி இடைக்கால வாணிகத்தைப்பற்றி ஒரு செமினாரை நடத்திவந்தார். அவர் கேம்பிரிட்ஜிற் கற்றவர்; 1910-ம் ஆண்டு சரித்திரத் தேர்வில் முதல் வகுப்பிலே தேறியவர். அவர் மேசையைச் சுற்றி ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அமர்ந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் துறைமுகங்களில் ஏறி இறங்கிய சரக்குகளுக்குச் சுங்கம் வாங்கியோர் எழுதிய கணக்குகள் அவர்களுக்குப் பெருந்துணை. கம்பளியைப்பற்றி ஒருவர், வடகடல் வணிகரைப்பற்றி ஒருவர், லண்டன் மளிகை வணிகர் சங்கத்தைப்பற்றி ஒருவர், பிரிஸ்டல் துறையினின்று ஐஸ்லாந்துக்குச் சென்ற மரக்கலங்களைப்பற்றி ஒருவர் என, ராங்கேயின் மாணாக்கர் அரசரைப் பகிர்ந்ததுபோல இவர்கள் வாணிகத்தைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வேலையெல்லாம் 1933-ம் ஆண்டு பவர் அம்மையாரும் போஸ்டன் என்பவரும் பதிப்பித்த ஒரே நூலாய் வெளிவந்தது. ஐஸ்லாந்து வாணிகத்தை எழுதியவர் எலினோரா கேரஸ் வில்ஸன். மளிகை வணிகரை எழுதியவர் சில்வியா திரப். இருவரும் பெண்டிர். முன்னவர் 1953-ம் ஆண்டு லண்டனிற் பொருளாதாரச் சரித்திரப் பேராசிரியரானார். பின்னவர் அமெரிக்காவுக்குச் சென்று, பல நாடுகளின் சமூகங்களை ஒப்பிட்டு ஆராயும் ஒரு பத்திரிகையை 1958-ம் ஆண்டு தோற்றுவித்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழு உரிமையுடைய பட்டம் அளித்தது 1948-ம் ஆண்டில். பவர் அம்மையார் காலமாகி அப்பொழுது எட்டாண்டு சென்றிருந்தது.