எழில் எதன்மேல் நிற்கிறது?

‘@(மதிப்பெண் >= 40) ஆனால்’ என்பது முதல் வரி. அடுத்தது ‘பதிப்பி "தேர்ச்சி"’. கடைசியில் ‘முடி’. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த நிரல் என்ன செய்யும் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். முத்தையா அண்ணாமலை 2007இல் தொடங்கி, 2013இல் திறந்த மூலமாக வெளியிட்ட ‘எழில்’ நிரல்மொழி இது.

பெரும்பாலான நிரல்மொழிகளில் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். நாம் பேசும்போது நிபந்தனையைச் சொல்லிவிட்டுத்தான் ‘ஆனால்’ போடுகிறோம். எழிலும் அந்த வரிசையில்தான் போகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இடமிருந்து வலமாகப் படித்துப்போகும் கணினிக்கு, அடைப்புக்குறியைக் கண்டதும் வருவது வெறும் கணக்கா, நிபந்தனையா என்று தெரியாது. முன்னால் நிற்கும் ‘@’ அதைச் சொல்லிவிடுகிறது. அடுத்த ஒரு குறியை மட்டும் பார்த்து வழியைத் தீர்மானிக்கும் இந்தப் பகுப்பு உத்தி 1960களிலேயே நன்கு ஆராயப்பட்டது. அண்ணாமலை மாற்றியது சொல்வரிசையை. பகுக்கும் கலை முன்னோர் கொடுத்தது.

எழில் எழுதப்பட்டிருப்பது பைத்தானில். 1991இல் பைத்தானை வெளியிட்ட குவிடோ வான் ரோசம், அதற்குமுன் ஏபிசி என்ற மொழியின் உருவாக்கத்தில் வேலை செய்தவர். வரிகளை உள்தள்ளிக் கட்டுகளாகப் பிரிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பைத்தானோ, 1972வாக்கில் பெல் ஆய்வகத்தில் உருவான சி மொழியில் எழுதப்பட்டது. ஒரு மாணவர் தட்டும் ‘பதிப்பி’ இத்தனை அடுக்குகளையும் கடந்துதான் சில்லுக்குப் போகிறது.

முன்னோர் விட்டுச்சென்றதில் சொத்தும் உண்டு, கடனும் உண்டு. ‘மொழி’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 4 என்கிறது. நமக்கு இரண்டே எழுத்து. ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி என்று, கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடு தனித்தனி எண் தந்திருப்பதால் வந்த வினை இது. அந்த எண் பட்டியலும் புதிதாகப் பிறந்ததல்ல; இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே அமைப்பாக 1988இல் வகுத்த இஸ்கி குறியீட்டைத் தழுவியது. அதனால் தமிழ் ‘க’வுக்கு எண் 2965, ‘ங’வுக்கு 2969. இந்தியில் அந்த இடைவெளியில் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. நமக்கு மூன்று இடமும் காலி.

வரிசையிலும் இது கைவைக்கிறது. நம் நெடுங்கணக்கில் கடைசி மெய்யான ‘ன’, பட்டியலில் ‘ந’வுக்கு அடுத்து 2985இல் உட்கார்ந்திருக்கிறது. எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால் ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னும் வரும். தமிழ் அகராதியில் இது தலைகீழ். ஒருமுறை தந்த எண்ணை யூனிகோடு மாற்றுவதில்லை, ஆகவே தீர்வு மேலடுக்கில்தான் கிடைக்க வேண்டும். எழில் வேலையிலிருந்து கிளைத்த ‘ஓப்பன் தமிழ்’ நிரலகம் அதைத்தான் செய்கிறது: குறிகளைச் சேர்த்து முழு எழுத்தாக எண்ணிக்கொடுக்கிறது, அகர வரிசையில் அடுக்கித் தருகிறது.

நாளைக்கு ஓர் அகராதிச் செயலி எழுத உட்காருபவர் இந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருந்தால், ‘மனம்’ இடம் மாறி நிற்பதைக் கண்டு தன் நிரலில் பிழை தேடி இரவைக் கழிக்க மாட்டார். எந்த அடுக்கில் கைவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.