தாய்லாந்து விருந்தினரும் ஐரோப்பிய விசாவும்

பிரயாணம் அறிவை வளர்ப்பதென்பதை யாவரும் ஒப்புவர். ஆயின் மனமும் பொருளும் உடலுறுதியும் இருந்தால் எங்கும் செல்லலாமென்றிருந்த காலம் கழிந்துவிட்டது. இக்காலத்தே அயல்நாடு செல்ல விரும்புவோர்க்குத் தம் அரசு தந்த பாஸ்போர்ட்டும், பெரும்பாலும் செல்லும் நாட்டரசு தரும் விசாவும் இன்றியமையாதன. நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் கடல் கடந்து வாழ்கின்றனர். குமரிமுனையைக் காணப் பல தேயத்தாரும் நம் நாஞ்சில் நாட்டிற்கு வருகின்றனர். ஆதலின் இவ்விஷயத்தில் பிறர்க்கு உதவும் சந்தர்ப்பம் நம்மவர்க்கு நேர்தல் இயல்பே. தாய்லாந்து நாட்டு விருந்தினர் ஒருவர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க விசா பெற விரும்பின், அவர்க்கு நாம் எங்ஙனம் துணைபுரியலாம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

விசா என்பது இலத்தீன் மொழியினின்று வந்த சொல். 'பார்வையிடப்பட்டது' என்பது அதன் பொருள். பிரயாணியின் சீட்டை அதிகாரி பார்வையிட்டு இட்ட குறிப்பே பின்னர் இப்பெயர் பெற்றது. இத்தகைய அனுமதி நம் நாட்டிற்கும் புதியதன்று. பிரஷ்யா தேசத்தவரான ரிங்கல்தௌபே போதகர், திருவிதாங்கூரில் ரெசிடெண்டாயிருந்த கர்னல் மெக்காலேயின் உதவியால் அனுமதி பெற்று, 1806-ஆம் ஆண்டில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நுழைந்து மயிலாடி வந்து சேர்ந்தார். அன்று ஐரோப்பியர் ஒருவர் நம் எல்லையில் அனுமதி வேண்டி நின்றார். இன்று ஆசியர் பலர் அவர்தம் எல்லையில் அதனை வேண்டி நிற்கின்றனர். எல்லையில் நிற்பவன் யாராயினும், அவனுக்கு அந்நாட்டில் ஒருவர் துணை செய்தல் பண்டு தொட்டே வேண்டப்படுவதாயிற்று.

1914-ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப் போருக்குப் பின்னரே பாஸ்போர்ட் எங்கும் கட்டாயமாகப் பரவிற்று. 1920-இல் பாரிஸ் நகரிற் கூடிய மாநாடு அதற்கு ஒரே வடிவம் வகுக்க முற்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவிலும் அதுபற்றிய சட்டம் பிறந்தது. ஐரோப்பாவிலோ, 1985-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரருகே மோஸெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில், ஐந்து நாடுகள் தமக்குள் எல்லைச் சோதனையை ஒழிக்க உடன்பட்டன. அவ்வுடன்பாடு 1995-இல் நடைமுறைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பல்கேரியா, ருமேனியா ஆகியவற்றின் நில எல்லைகளும் திறக்கப்பட்டபோது, முழு உறுப்பு நாடுகள் 29 ஆயின. இவற்றுள் ஒரு நாடு தரும் ஷெங்கன் விசாவைக் கொண்டு பொதுவாக ஏனைய நாடுகளிலும் உலாவலாம். இங்கிலாந்தும் அயர்லாந்தும் இக்கூட்டத்திற் சேர்ந்தனவல்ல. அவற்றிற்கு வேறு அனுமதி வேண்டும். மலேயா, சிங்கப்பூர் மக்கள் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலம் விசாவின்றியே செல்லலாம். இந்தியரும் தாய்லாந்தினரும் விசா பெற்றே செல்லல் வேண்டும். ஆதலின் தாய்லாந்து விருந்தினர் படும் பாடு நமக்கும் உரியதேயாம்.

இனி, விசா அதிகாரி வேண்டும் காகிதங்கள் பலவாயினும், அவர் கேட்கும் கேள்விகள் மூன்றே. இவர் எதற்காக வருகிறார்? தங்குங்காலத்துச் செலவை யார் ஏற்பார்? குறித்த நாளில் தம் நாடு திரும்புவாரா? இவற்றுள் மூன்றாவதே தலையாயது. உத்தியோகச் சான்று, விடுமுறைக் கடிதம், குடும்பம், நிலபுலம், படிப்பு ஆகிய எல்லாம் அக்கேள்விக்கு விடைகளே. உதவி செய்வோர் இதனை முதலில் உணர்ந்துகொண்டால், எந்தக் காகிதம் எதற்கென்று தாமே தெளிவர்.

முதலில், விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது? ஒருவர் சட்டப்படி எந்நாட்டில் வசிக்கின்றாரோ அந்நாட்டிலுள்ள தூதரகத்திற்கே கொடுத்தல் வேண்டும் என்பது பொது விதி. நம் விருந்தினர் சில வாரம் சுற்றிப் பார்க்க இந்தியா வந்தவராயின், அவர் ஈண்டு வசிப்பவரல்லர். நாகர்கோவிலில் நம் வீட்டில் இருந்துகொண்டு சென்னைக்கு விண்ணப்பிக்கலாமென்று எண்ணுதல் கூடாது. அவர் பாங்காக்கிலேயே விண்ணப்பித்தல் முறை. தாம் தங்கியிருக்கும் நாட்டில் விண்ணப்பிப்பதற்குத் தக்க காரணம் காட்டுவோர்க்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவரே நம் நாட்டில் மாணாக்கராகவோ ஊழியராகவோ நீண்டகால அனுமதி பெற்று வாழ்பவராயின், அவ்வனுமதியையும், பிரயாணம் முடிந்தபின் இந்தியாவிற்குத் திரும்பும் உரிமையையும் காட்டி ஈண்டே விண்ணப்பிக்கலாம். இச்சிறு வேறுபாட்டை அறியாமையால் பணமும் நாளும் வீணாவதுண்டு.

அடுத்து, எந்நாட்டுத் தூதரகம்? மிகுதியான நாள் தங்கும் நாடே முதன்மை நாடு. தங்கும் நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாடு. எளிதில் விசா தரும் நாடு எதுவென்று வினவி அங்கே விண்ணப்பித்து, வேறு நாட்டில் சென்று தங்குதல் நேர்மையன்று. பின்னர்ச் சங்கடமும் விளைவிக்கும். விண்ணப்பத்தைப் பிரயாணத்திற்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம். பொதுவாக 15 நாளுக்குக் குறையாமல் கொடுத்தல் வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளிற் கிடைக்கும். சிலபோது 45 நாள்வரை நீளும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் வயது வந்தோர்க்குக் கட்டணம் 90 யூரோ என வகுக்கப்பட்டது.

பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாய், ஐரோப்பாவை விட்டு நீங்கும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுவதாய், வெற்றுப் பக்கம் இரண்டேனும் உடையதாய் இருத்தல் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். விரல் ரேகை பதிய விண்ணப்பிப்பவரே நேரிற் செல்லல் வேண்டும். ஒருமுறை பதிந்தது 59 மாதத்திற்குப் பயன்படும். இவை யாவர்க்கும் பொது.

தாய்லாந்தினர்க்கே சிறப்பாக நேரும் இடர்கள் சில உள. அந்நாட்டு அரசாங்கப் பத்திரங்களில் புத்த சகாப்தமே வழங்கும். அது கிறிஸ்து சகாப்தத்திற்கு 543 ஆண்டு முற்பட்டது. 2025-ஆம் ஆண்டு அங்கே 2568. கொல்லம் ஆண்டு குறித்த பழைய ஆதாரங்களைக் கண்ட நாஞ்சில் நாட்டார்க்கு இது வியப்பன்று. நம் மாவட்டம் சென்னை இராச்சியத்தோடு இணைந்த 1956 நவம்பர், கொல்லம் கணக்கில் 1132 அன்றோ? ஆதலின் பிறந்த நாள் முதலியவற்றைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றி, எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாகவே எழுதுமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். அந்நாட்டில் குடும்பப் பெயர் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தம் பெயரை மாற்றிக்கொள்வோரும் அங்கே உளர். அத்தகையோர் பெயர் மாற்றச் சான்றினை இணைத்தல் வேண்டும். நம் ஊரில் குடும்ப அட்டை போல அங்கே தபியன் பான் என்னும் வீட்டுப் பதிவேடு உண்டு. உறவையும் இருப்பிடத்தையும் காட்ட அது உதவும். தாய் எழுத்திலுள்ள பத்திரங்களை, தூதரகம் ஏற்கும் மொழியில் பெயர்த்து உடன்வைத்தல் வேண்டும்.

ஐரோப்பாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் அவ்விருந்தினரைத் தம் வீட்டிற்கு அழைப்பாராயின், வெறுங்கடிதம் எல்லா நாட்டிலும் போதாது. பிரான்சில் நகராட்சி மன்றத்தில் விண்ணப்பித்து வரவேற்புச் சான்று பெறுவர். ஜெர்மனியில், விருந்தினர் செலவைத் தாமே ஏற்பதாக அயலார் அலுவலகத்தில் முறைப்படி உறுதி எழுதிக் கொடுப்பதுண்டு. அங்ஙனம் எழுதிக் கொடுத்தவர் அச்செலவிற்குச் சட்டப்படி கட்டுப்பட்டவராவர். ஆதலின் முகதாட்சணியத்தால் கையொப்பமிடாது, ஆளை நன்கறிந்த பின்னரே இடுதல் நன்று.

தங்கும் காலம் பற்றியும் ஒரு சொல். எந்த 180 நாளை எடுத்துக் கணக்கிட்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. நுழையும் நாளும் நீங்கும் நாளும் கணக்கிற் சேரும். பல முறை செல்லத்தக்க விசா பெற்ற ஒருவர் மார்ச் 1 முதல் 30 வரை தங்கித் திரும்பி, மீண்டும் ஜூன் 1-இல் நுழைவாராயின், ஜூலை 30-ஆம் நாளோடு அவருடைய 90 நாளும் தீரும். விசாவில் அதனினும் குறைந்த நாள் குறித்திருப்பின் அதுவே எல்லை. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில், முத்திரைக்கு மாறாக வருகையையும் போக்கையும் மின்பதிவு செய்யும் முறை தொடங்கிற்று. அதன்பின் நாட்கணக்கில் பிழை மறைவது எளிதன்று. விசா கையிலிருப்பினும், எல்லையதிகாரி மீண்டும் வினவுதல் கூடும். ஆகவே தங்குமிடம், திரும்பும் சீட்டு, பணம் ஆகியவற்றின் சான்றுகளைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

நிற்க. உதவி என்பது எது, எது உதவியன்று என்பதே இங்கு முதன்மையாக நினைக்கற்பாலது. கணக்கில் பணம் குறைவென்று விண்ணப்பிக்கும் முதல்நாள் கடன் வாங்கிப் போடுதலும், இல்லாத உத்தியோகத்திற்குச் சான்று எழுதுதலும், தங்காத விடுதிக்குச் சீட்டுச் செய்தலும் சில தரகர் கூறும் வழிகள். இவை நண்பர்க்குச் செய்யும் துரோகமேயன்றித் துணையாகா. விண்ணப்பமும் அதன் முடிவும் அந்நாடுகளுக்குப் பொதுவான பதிவேட்டில் ஐந்தாண்டு வரை இருக்கும். ஒரு நாட்டிற் சொன்ன பொய்யை மற்றொரு நாட்டார் காண்பர். பாஸ்போர்ட் அவருடையது, அதிலேறும் களங்கமும் அவருடையதே. தரகர் கூலி பெற்று அகல்வார். நண்பரோ மறு பிரயாணத்திலும் அதற்கு விடை சொல்ல நிற்பார்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் மனம் தளர வேண்டுவதில்லை. காரணத்தை அச்சிட்ட படிவத்திற் குறித்துக் கொடுப்பர். முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. குறித்த குறையை நீக்கி மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆயின் குறையை நீக்காது அதே காகிதங்களை மறுபடியும் கொடுத்தல் பயன் தராது.

தாய்லாந்தும் தமிழகமும் இன்று நேற்று அறிமுகமானவையல்ல. அந்நாட்டுத் தகுவாபாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவைக் குறிக்கின்றது. திருக்குறளின் தாய் மொழிபெயர்ப்பு 2019-இல் பாங்காக்கில் வெளியிடப்பட்டது. அத்தகைய நாட்டாருக்கு நாம் செய்யத்தக்க உதவி பெரும் பொருளன்று. விதிகளைத் திருத்தமாகப் படித்துச் சொல்லுதல், நாள்களைச் சரிபார்த்தல், உள்ளதை உள்ளபடி காகிதத்தில் விளங்கச் செய்தல் என்னும் இவையே. மொழியறிவும் பொறுமையும் உள்ள கல்லூரி மாணாக்கர் எவரும் இதனைச் செய்யலாம். உண்மையான பிரயாணியின் உண்மையான நிலையை அதிகாரிக்கு ஐயமறக் காட்டுவதே இவ்வுதவியின் முழு அளவாம். அதனிற் குறைந்தது சோம்பல். அதனிற் கூடியது பொய்.