உங்கள் போனுக்குள் ஒளிந்திருக்கும் 214 கோடி!

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அந்த நொடியைத் தாண்டியதும், பழைய மென்பொருளில் ஓடும் சில கருவிகளின் கடிகாரம் 1901-ம் ஆண்டு டிசம்பருக்குத் தாவிவிடலாம். காரணம், ஒரே ஓர் எண்: 2,14,74,83,647.

இந்த 214 கோடிச் சொச்சம் ஒரு பகா எண். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. 31 இரண்டுகளை வரிசையாகப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். இந்த வகையில் கிடைக்கும் பகா எண்களை 'மெர்சென் பகா எண்கள்' என்பார்கள்.

பார்வை மங்கியும் போட்ட கணக்கு

இது பகா எண்தான் என்று 1772-ல் நிரூபித்துக் காட்டியவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர். அப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. கால்குலேட்டரும் கிடையாது.

சாதாரணமாகச் செய்தால், 46,340 வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் ஒரு குறுக்கு வழி கண்டார். இதை வகுக்கும் எண் ஏதாவது இருந்தால், அந்த எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீர வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் நானூறுக்கும் குறைவு. சோதித்ததில், ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு, உலகம் அறிந்த மிகப்பெரிய பகா எண் இதுவே.

இன்னொரு சிறப்பும் உண்டு. 6-ஐ மீதியின்றி வகுக்கும் 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் அதே 6 வரும். இவை 'செவ்விய எண்கள்'. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் இப்படி ஒரு செவ்விய எண்ணைத் தரும். ஆய்லரின் எண் தந்தது 19 இலக்க எண்! 'இதைவிடப் பெரியதை இனி யாரும் தேடப்போவதில்லை, இவை வெறும் வேடிக்கை, பயன் ஏதுமில்லை' என்ற பொருளில் 1811-ல் எழுதினார் இங்கிலாந்துக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ.

கங்னம் ஸ்டைல் தாண்டிய எல்லை

கணினி வந்தது, கதை மாறியது. 32 பிட் கணினியில் ஓர் இடம் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 இடங்களிலும் 1 நிரம்பினால், வருவது இதே எண். அதற்கு மேல் எண்ண முடியாது. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்டியதால்தான், யூடியூப் 64 பிட் முறைக்கு மாறியது செய்தியானது.

எல்லை எண் பகா எண்ணாக அமைந்தது தற்செயல்தான். ஆனால், அந்தக் குணமும் வீண்போகவில்லை. கணினியில் தாயம் உருட்டுவதுபோல எண்களைக் குலுக்கித் தரும் ஒரு பிரபலமான முறை, இது பகா எண் என்பதை நம்பியே இயங்குகிறது.

2038 சிக்கலுக்கும் இந்த எல்லையே காரணம். பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணியே நேரம் சொல்கின்றன. 64 பிட்டில் இயங்கும் இன்றைய போன்களுக்குப் பெரிதாகப் பயமில்லை. ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் ஓடும் பழைய கருவிகளைத்தான், அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் தேடிப்பிடித்துச் சரிசெய்தாக வேண்டும்!